நூலை எடுத்தாலே

"நூல எடுத்தாலே கும்புடுவா எம் பொண்ணு. பூ கட்டறது சாமி காரியம்னு அதுக்குப் புரிஞ்சிருக்குது பாரேன்!"

பாஞ்சாலை இதைச் சொல்லாத ஆள் கிடையாது. தேரடித் தெருப் பூக்கடை வரிசையில் எல்லோருக்கும் இது மனப்பாடம். இன்று பள்ளிக்கூடத்துக்கு வந்த இடத்திலும், பார்வையிட வரும் அதிகாரியின் ஜீப்புக்காகக் காத்திருந்த மற்ற அம்மாக்களிடம் ஆரம்பித்துவிட்டாள்.

பெருமைப்படாமல் என்ன செய்வாள்? இனியாவுக்கு ஒன்பது வயது. பேச்சு வரவில்லை. ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். கதவு திறந்திருந்தால் போதும், ரோட்டுக்கு ஓடிவிடுவாள். பஸ் வருகிறதா, லாரி வருகிறதா என்றெல்லாம் பார்க்க மாட்டாள். பிள்ளையைப் பார்ப்பதா, கடையைப் பார்ப்பதா? புருஷன் என்று ஒருத்தன் இருந்தான். அவன் போன கதை இப்போது வேண்டாம்.

செங்கம் ரோட்டில், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று ஒரு வாடகை வீட்டில் நடந்துவந்த இந்தப் பள்ளிக்கூடம்தான் அவளுக்குக் கை கொடுத்தது. சேர்த்த அன்று கீதாஞ்சலி டீச்சரிடம் அவள் வேறெதுவும் கேட்கவில்லை.

"எப்பிடியாவது உக்கார வெச்சிடுங்க டீச்சர். அது போதும்."

உட்கார வைத்துவிட்டார்கள்.

அதுவும் எவ்வளவு அக்கறையாக! கண்ணாடி வளையல் போட்டு அனுப்பாதீர்கள், உடைந்தால் கையைக் கிழித்துவிடும் என்றார் டீச்சர். பழைய நூல் புடவை இருந்தால் கொண்டுவாருங்கள், நைலக்ஸ் வேண்டாம், பிள்ளைகளுக்கு மெத்தென்று இருக்க வேண்டும் என்றார். பெற்றவளுக்கே தோன்றாதது அந்த அம்மாவுக்குத் தோன்றுகிறதே என்று பாஞ்சாலை நெகிழ்ந்துபோனாள். தன் பச்சைப் புடவையைத் துவைத்து, மடித்து, கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இன்று அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் கண்டம்.

எங்கோ ஓர் ஊரில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள், தீப்பிடித்தபோது ஓட முடியாமல் செத்துப்போனார்கள். அதிலிருந்து கெடுபிடி ஜாஸ்தி. பிள்ளைகளைக் கட்டக் கூடாது, அறையில் போட்டுப் பூட்டக் கூடாது என்று உத்தரவாம். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசிலிருந்து ஒரு மேடம் பார்க்க வருகிறார். கயிறோ பூட்டோ கண்ணில் பட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள்.

"நீங்க ஏன் டீச்சர் பயப்படறீங்க? இங்க அதெல்லாம் கெடையாதுன்னு நான் சொல்றேன்," என்று பாஞ்சாலை முன்னால் வந்து நின்றாள். நம்பித்தான் சொன்னாள்.

மேடம் வந்தார். கதவுகளுக்குப் பின்னால் பார்த்தார். ஸ்டோர் ரூமைத் திறக்கச் சொன்னார். அரிசி மூட்டையைக்கூட நகர்த்தச் சொன்னார். பூட்டு இல்லை, கயிறு இல்லை. அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே டீச்சர், ஒரே ஆயா. எப்படித்தான் சமாளிக்கிறீர்களோ என்றபோது அவர் முகம் இளகியிருந்தது.

அப்பாடா என்றிருந்தது பாஞ்சாலைக்கு. கொண்டுவந்திருந்த மல்லிச்சரத்தை மேடத்திடம் நீட்டினாள்.

"எனக்கு எதுக்கும்மா இவ்ளோ? பாதிய உன் பொண்ணுக்கு வெச்சி விடு."

பாஞ்சாலை சரத்தைப் பாதியாக அறுத்தாள். முடிச்சுப் போட நூல் முனையை இழுத்தாள்.

மூலையில் நின்ற இனியா நூலைப் பார்த்தாள். யாரும் கூப்பிடவில்லை. தானாகவே ஜன்னலிடம் போனாள். அதைப் பார்த்தபடி கீழே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

ஜன்னலுக்கு வெளியே மலை.

"அடடா! மலையப் பாத்து கும்புடறா பாருங்க!" மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணாமலையாரே என்று அவரும் கைகூப்பினார்.

பாஞ்சாலை மலையைப் பார்க்கவில்லை. பிள்ளையின் கைகளைப் பார்த்தாள்.

உள்ளங்கைகள் சேரவில்லை. மணிக்கட்டுகள்தான் சேர்ந்திருந்தன. அவை ஜன்னலின் நடுக்கம்பியை ஒட்டி நின்றன. மற்றக் கம்பிகளில் நீலப் பெயிண்ட் அப்படியே இருந்தது. அந்த ஒன்றில் மட்டும் தேய்ந்து இரும்பு தெரிந்தது. அதில் ஒரு பச்சை நூலிழை சிக்கியிருந்தது.

வளையல் ஏன் வேண்டாம் என்றார்கள் என்று இப்போது புரிந்தது. புடவை ஏன் மெத்தென்று இருக்க வேண்டும் என்பதும்.

வீட்டில் எத்தனை சாயங்காலம்! பூ கட்ட நூலை எடுத்ததும் நீண்ட அந்தக் கைகளைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். என் சாமி என்று கன்னத்தை வழித்து நெட்டி முறித்திருக்கிறாள். பாவி. ஊரைக் கூப்பிட்டு வேறு சொல்லியிருக்கிறாள்.

கீதாஞ்சலி டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூடிவிடுவார்கள். மூடிவிட்டால் நாளைக் காலையில் இனியாவை எங்கே விடுவது? வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுத்தானே கடைக்குப் போக வேண்டும்?

"வீட்லயும் இப்பிடித்தானாம்மா?" என்று மேடம் கேட்டார்.

யார் முகத்தையும் பாஞ்சாலையால் பார்க்க முடியவில்லை.

"ஆமாங்க மேடம்," என்றாள். "நூல எடுத்தாலே கும்புடுவா."

சொல்லிவிட்டுக் குனிந்தாள். பிரிந்திருந்த இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றாகச் சேர்த்து அழுத்தினாள். இப்போது பார்ப்பதற்குச் சரியான கும்பிடாகத்தான் இருந்தது.

மேடம் கையை இறக்கினார். இனியா இறக்கவில்லை. அம்மாவின் கையிலிருந்த நூலையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.