சத்தம் போடாத ஜெனரேட்டர்

"குடியும் குடித்தனமுமா இருக்குற தெருவுல வெடிகுண்டு வெச்சிருக்கான் மாப்ள, வெடிகுண்டு!"

சிவசுப்ரமணியன் இப்படி ஆரம்பித்தால், தெருவில் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

"எங்க மாமா?" என்று பதறினான் ராஜகணேஷ். எதிர்வீட்டுக்காரன். மாமா சொல்வதற்கெல்லாம் தலையாட்டியே கழுத்து சுளுக்கிக்கொண்டவன்.

"என் பக்கத்து வீட்டுல. குறிஞ்சிப்பாடியிலேருந்து புதுசா வந்திருக்கானே ஆரோக்கியராஜ், அவன் கேஸ்ல ஓடுற ஜெனரேட்டர் வாங்கியிருக்கான். சிலிண்டர் மாட்டி ஓட்டுறான்யா!"

தானே புயல் அடித்துவிட்டுப் போனதிலிருந்தே சிதம்பரத்தில் கரண்ட் விருந்தாளி மாதிரிதான் வந்துபோனது. அந்தத் தெருவில் முதன்முதலாக ஜெனரேட்டர் வாங்கிய பெருமை சிவசுப்ரமணியனுக்கு. பெட்ரோல் ஜெனரேட்டர். பெட்ரோல் என்பதெல்லாம் ஸ்டார்ட் ஆகிறவரைக்கும்தான். அப்புறம் ரேஷன் மண்ணெண்ணெய். அது போடுகிற சத்தத்தில், ஐயா வீட்டில் லைட் எரிகிறது என்று தேரடி வரைக்கும் தெரியும். தெரியட்டும் என்றுதானே வாங்கினார்!

அப்பேர்ப்பட்டவருக்குப் பக்கத்திலேயே ஒருத்தன், அவ்வளவாகச் சத்தமும் இல்லாமல், கண்ணைக் கரிக்கிற புகையும் இல்லாமல் ஒரு ஜெனரேட்டர் ஓட்டினால் பொறுக்குமா?

"கேஸ் ஏஜென்சியில சொல்லுங்களேன் மாமா. வீட்டு சிலிண்டரை மாட்டக் கூடாதே."

"எட்டிப் பாத்துட்டேன்டா. கடைக்குக் குடுக்குற நீலக் கலர் சிலிண்டரா வாங்கி மாட்டியிருக்கான், படுபாவி! சட்டப்படி நடந்து நம்ம கழுத்தை அறுக்குறான்."

சிவசுப்ரமணியன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே மண்ணெண்ணெய்க் கேன்கள் வரிசையாக நிற்கும். பக்கத்திலேயே சாமி மாடத்தில் விளக்கு எரியும். அதெல்லாம் வெடிக்காது. ஏனென்றால் அது அவர் வீடு.

"போதாக்குறைக்கு உங்க அத்தை வேற. கரண்ட் போனா போதும், சீரியல் பாக்குறேன்னு அவன் வீட்டுக்கு ஓடிடுறா."

"உங்க வீட்லயும்தான் டிவி ஓடுதே?"

"நம்ம ஜெனரேட்டர் சத்தத்துல வசனம் கேக்கலையாம். மொதல்ல, புகை ஒத்துக்கல, நெஞ்சை அடைக்குதுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சா. ஏண்டி, சாம்பிராணிப் புகை மட்டும் ஒத்துக்குதான்னு கேட்டேன். அதோட வாயே தொறக்கல."

வாதத்தில் ஜெயித்த பெருமை முகத்தில் வழிந்தது.

அன்று சாயங்காலம் வழக்கம்போலக் கரண்ட் போனது. அவர் மனைவி லலிதாம்பிகையும் வழக்கம்போலப் பக்கத்து வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். சிவசுப்ரமணியன், அடுப்படி ஜன்னலுக்குக் கீழே இருந்த தன் ஜெனரேட்டரைக் கயிறு இழுத்துக் கிளப்பினார். அது தெருவையே ஒரு உலுக்கு உலுக்கியது. கையோடு ராஜகணேஷையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார்.

அங்கே சுவரோரமாக, புதிதாக வந்த மருமகள் மாதிரி அடக்கமாக ஓடிக்கொண்டிருந்தது அந்தக் கேஸ் ஜெனரேட்டர்.

"என்னா சார் இது? வெடிச்சா யாரு பொறுப்பு?"

"வெளியிலதான சார் வெச்சிருக்கேன்?" என்றார் ஆரோக்கியராஜ். "டியூபு, வால்வு எல்லாம் ஆளை வெச்சுப் பாத்துதான் மாட்டுனேன்."

"ஊரே பெட்ரோல்ல ஓட்டுது. உங்களுக்கு மட்டும் என்னாத்துக்கு சார் கேஸு? காரணத்தைச் சொல்லுங்க."

ஆரோக்கியராஜ் ஒரு தரம் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். "அது... சொல்ல முடியாது சார்."

"முழிக்கிறாரு பாத்தியா மாப்ள? ஏதோ வில்லங்கம் இருக்கு!"

"ஆமா மாமா, இருக்கு."

"கொஞ்சம் பொறுங்க சார். ஒரு பத்து நிமிஷம் கழிச்சுப் பேசலாம்..."

"ஒரு பேச்சும் வேணாம். இந்த ஜெனரேட்டர் இன்னைக்கே தெருவை விட்டுப் போயாகணும்!" என்றவர், ஆரோக்கியராஜ் தடுப்பதற்குள் சுவிட்சைத் தட்டிவிட்டார்.

வீடு இருண்டது. உள்ளேயிருந்து ஆரோக்கியராஜின் மனைவி வெண்மதி அலறினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவள், சாமானியமாக அலற மாட்டாள்.

"ஐயோ, யாரு ஆஃப் பண்ணது? அக்காவுக்கு இன்னும் மருந்து முடியல! மூச்சு வாங்குது!"

"எந்த அக்கா?" செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு உள்ளே ஓடினார் சிவசுப்ரமணியன்.

நாற்காலியில் லலிதாம்பிகை. மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க். பக்கத்தில், மூச்சிரைப்புக்கு மருந்தை ஆவியாக்கித் தருகிற மிஷின் நின்றுபோய்க் கிடந்தது. அவள் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது.

"லலிதா! என்னடி இது? தம்பி, போடுப்பா! சீக்கிரம் போடுப்பா!"

வெடிகுண்டை ஓட்டச் சொல்லி அவரே கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆரோக்கியராஜ் ஓடிப்போய் ஸ்டார்ட் செய்தார். லைட் எரிந்தது. மிஷின் ஓட ஆரம்பித்தது. மருந்து முடிந்து, மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் லலிதாம்பிகை மாஸ்க்கைக் கழற்றினாள்.

"கடலூர் கடையில பெட்ரோல் ஜெனரேட்டருக்குத்தாங்க சொல்லி வெச்சிருந்தாரு இந்தத் தம்பி. நம்ம வீட்டுப் புகையில நான் தவிக்கிறதைப் பாத்துட்டு, அக்காவுக்கு ரெண்டு பக்கமும் புகை வேணாம்னு கேஸுக்கு மாத்துனாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். சொன்னா உங்க ஜெனரேட்டரோட மானம் போயிடுமே!"

சிவசுப்ரமணியன் வாய்க்குள்ளேயே ஏதோ முனகினார். ஒருத்தருக்கும் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய ஜெனரேட்டர் அந்தக் கத்து கத்திக்கொண்டிருந்தது.

ராஜகணேஷ்தான் கிட்டே வந்து, அவர் காதில் விழுகிற மாதிரி உரக்கக் கேட்டான்.

"மாமா, ஒரு ஜெனரேட்டர் இன்னைக்கே தெருவை விட்டுப் போயாகணும்னீங்களே... வாங்க, ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சுத் தூக்கலாம்!"