அந்த வருடத்து வெயில்

அவளுக்கு முன்னால் நின்றவர் துப்பினார்.

வாயில் சுழற்றிக்கொண்டிருந்த வைனை, ஒரு துளியும் சிதறாமல், மேசையிலிருந்த சின்ன வாளிக்குள். பிறகு உதட்டை ஒற்றித் துடைத்தார்.

தோட்ட முதலாளி தலைசாய்த்து அவருக்கு நன்றி சொன்னார்.

அடுத்தவரும் துப்பினார். அவருக்கும் நன்றி.

அவள் வாளியைப் பார்த்தாள்.

துப்புவதற்குத்தான் அவளும் வந்திருந்தாள். திராட்சைத் தோட்டமும் நிலவறையும் பார்க்க ஒருநாள் உலா என்று பாரிஸிலிருந்து கிளம்பிய பஸ்ஸில், பயணிகளோடு பயணியாக, அந்த ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டு. முதலாளியின் முகத்தில்.

கூட வந்த வதனி காதருகே குனிந்தாள். அவள் கணவனின் தங்கை.

"ஐயோ மச்சாள், இஞ்ச மரியாதைக்கே துப்பீனம். நீங்கள் துப்பினாலும் மெர்சி எண்டெல்லோ சொல்லப்போறான்."

அவள் சிரிக்கவில்லை.

நான்கு வருடங்களுக்கு முன் இந்தத் தோட்டத்துக்குத் திராட்சை வெட்ட வந்தான் அவள் கணவன். ஆள் பிடிப்பவனின் வேனில், ஊர்க்காரப் பெடியன்களோடு. நாற்பது பாகை வெயில். நிழலுக்கு ஒரு தறப்பாள் கூடக் கட்டியிருக்கவில்லை. மத்தியானம் கொடிகளுக்கு நடுவே முகம் குப்புற விழுந்தான்.

முதலில் கூடையைத் தூக்கினார்கள். பிறகு அவனை.

அவன் எங்கள் ஆளில்லை, ஆள் கொண்டுவந்தவனின் ஆள் என்றது தோட்டம். ஆள் கொண்டுவந்தவன் தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டான். எல்லோருக்கும் அவள் கணவன் 'அந்தக் கூலியாள்'. அவன் பெயரை இங்கே ஒருவர்கூட, ஒருமுறைகூட வாயால் சொல்லவில்லை.

அவனுடைய மனைவி என்று வந்து நின்றபோது இந்தக் கேட் திறக்கவில்லை.

டிக்கெட் வாங்கியவளுக்குத் திறந்தது.

சற்று முன்னர்தான் நிலவறையைக் காட்டினார்கள். சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த நீண்ட சுரங்கம். மங்கலான மஞ்சள் விளக்குகள். வரிசை வரிசையாகப் படுத்திருந்த போத்தல்கள். முதலாளி குரலைத் தாழ்த்திப் பேசினார், தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

வெளிச்சம் ஆகாது. சூடு ஆகவே ஆகாது. கொஞ்சம் கூடினாலும் வைன் செத்துவிடும் என்றார்.

சுவரில் வெப்பமானி மாட்டியிருந்தது.

போத்தல்களுக்கு.

"இந்தக் குளிருக்கு ஒரு பிளேன்டீ தந்தாலாவது புண்ணியம்" என்று வதனி அப்போது முணுமுணுத்திருந்தாள். இப்போது முதலாளி கடைசிப் போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதில் அச்சிட்டிருந்த அறுவடை ஆண்டைக் கண்டதும் வதனி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த மாதம்தான் வெளியே வந்திருக்கிறது என்றார் முதலாளி. இவ்வளவு காலம் கீழே உறங்கியது என்றார்.

"அரிய வருடம். அப்படியொரு வெயிலை என் அப்பாகூடக் கண்டதில்லை. எல்லாம் கையால் வெட்டியது. மனிதக் கை. ஒரு குலைகூட வீணாகவில்லை. அந்த வருடம் நாங்கள் எதையும் இழக்கவில்லை."

எதையும்.

யாரோ கைதட்டினார்கள்.

எல்லோருடைய கிண்ணத்திலும் ஊற்றினார். அவளுடையதிலும். நுரை ஏறி அடங்கியது. வெயிலின் நிறம்தான்.

குடியுங்கள், அவசரப்பட வேண்டாம் என்றார். வாயில் என்ன சுவை தெரிகிறதோ அதன் பெயரைச் சொல்லுங்கள். தப்பான பதில் என்று எதுவும் இல்லை.

"பச்சை ஆப்பிள்" என்றார் ஒருவர்.

"அருமை!"

"வெண்ணெய்."

"ஆமாம், ஆமாம்."

"வறுத்த பாதாம்?"

முதலாளி நெஞ்சில் கைவைத்து மகிழ்ந்தார்.

அவளுடைய முறை.

வாய் நிறைய இருந்தது. அந்த முகம் ஒரு கை தூரத்தில் இருந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்த தூரம். முதலாளி அன்போடு வாளியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"மச்சாள்..." என்றாள் வதனி. வேண்டாம் என்கிறாளா, செய் என்கிறாளா, தெரியவில்லை.

அவள் விழுங்கினாள்.

அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அவளுக்கு இருந்ததில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து 'இஞ்சேருங்கோ'தான். சவப்பெட்டிக்கு மேல் விழுந்து அழுதபோதும் அதுதான்.

"தயாபரன்" என்றாள்.

வதனி மூச்சை இழுத்தது கேட்டது.

முதலாளி புருவத்தை உயர்த்தினார். அழகான ஒலி என்றார். நாக்கில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"தயா... பரான்." மறுபடியும், சிரித்துக்கொண்டே, "தயாபரான். உங்கள் நாட்டுப் பழமா, மதாம்?"



இருங்கள், எனக்கும் தட்டுப்படுகிறதா பார்க்கிறேன் என்று தன் கிண்ணத்திலிருந்து ஒரு பெரிய மிடறு எடுத்தார். கண்களை மூடினார். கன்னங்கள் உப்பி உப்பி அடங்கின. பயணிகளும் தங்கள் கிண்ணங்களை முகர்ந்து அந்தப் பழத்தைத் தேடினார்கள்.

"இல்லை" என்றாள் அவள், பிரெஞ்சில், ஒவ்வொரு சொல்லாக. "என் புருஷன். உங்கள் தோட்டத்தில் விழுந்தார். இந்த வருடம்." போத்தலின் ஆண்டின் மேல் விரலை வைத்தாள்.

அவருடைய கன்னங்கள் நின்றன.

கண்கள் திறந்தன.

வாய் மூடியே இருந்தது.

அவள் வாளியை அவர் பக்கம் நகர்த்தினாள்.