வாசிக்குமா?

சனிக்கிழமை நான் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போகிறேன். அதற்குள் ஜினி அக்காவுக்கு மாலை வகுப்பின் வருமான வரிப் புத்தகத்தை இ-புக்காக வாங்கித் தந்துவிட வேண்டும்.

தம்பானூர் நெட் கஃபேக்கார மலையாளி ஷிபு இரண்டு இணையக் கடைகளைத் திறந்து காட்டினான். நான் டைரியில் கட்டம் போட்டுக் குறித்துக்கொண்டேன்.

"போட்டோகாப்பி எடுத்தா போரே, சேட்டா?" போதாதா என்கிறான்.

"அக்காவுக்குக் காகிதம் சரிப்படாது."

"அய்யோ, மகாராணியா?"

முதல் கடைப் புத்தகம், வாங்கிய கம்ப்யூட்டரில் மட்டுமே திறக்கும். டைரியில் அதை அடித்துவிட்டேன். இரண்டாவது கடையுடையது வீட்டிலும் திறக்கும். ஆனால் பிரிண்ட் எடுக்க முடியாது, காப்பி செய்ய முடியாது.

"அது ரெண்டும் வேண்டாம். வாசிக்குமா?"

"பின்னே! சுகமாயிட்டு வாயிக்காம்."

சரியாகத்தான் கேட்டேனா என்று சந்தேகம் வந்தது. மறுபடியும் கேட்டேன்.

"வாயிக்காம் சேட்டா, வாயிக்காம்!" என்று சிரித்தான். மாமா கொடுத்தனுப்பியிருந்த கார்டில் வாங்கிவிட்டேன்.

வீட்டில் புத்தகம் உடனே திறந்தது. திரை முழுக்க எழுத்து. அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"என்னக்கா சொல்லுது?"

"வெத்துப் பக்கம்னு சொல்லுது, ஆன்சா."

காப்பி எடுக்க முடியாதபடி பூட்டுப் போட்ட புத்தகத்தைக் கம்ப்யூட்டர் சத்தமாக வாசிக்காதாம். கம்ப்யூட்டர் வாசிக்குமா என்று நான் கேட்டிருக்கிறேன். கண் தெரிந்தவர்கள் வாசிக்கலாம் என்று ஷிபு மலையாளத்தில் பதில் சொல்லியிருக்கிறான்.

அக்கா ஹெட்போனைக் கழற்றவில்லை.

"சனிக்கிழமை வரைக்கும் எப்பவும்போல நீயே வாசி," என்றாள்.