சீட்டு ஒட்டாத ஆறாவது ஒயர்

மாடிப்படிக்குக் கீழே இரும்புப் பெட்டி திறந்து கிடக்கிறது. பழைய இன்டர்நெட் மோடமும் ஆம்பிளிபயரும் தூசியோடு தரையில் இருக்கின்றன. உள்ளே தொங்கும் ஒயர்கள் பதினோரு வருஷத்துக்கு முன் வீட்டுக்காரர் தன் கையால் இழுத்தவை. ஐந்து ஸ்பீக்கர் ஒயர்களில் ஹால், மாடி, படுக்கையறை என்று அவர் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறது. ஆறாவதில் ஒன்றுமில்லை. புது இன்டர்நெட் ஒயருக்கு இடம் வேண்டும். எலக்ட்ரீஷியன் அதை வெட்டக் கட்டரை எடுத்துக்கொண்டு, “இது எங்க சார் போகுது?” என்கிறார். “கிச்சனுக்கு,” என்கிறார் வீட்டுக்காரர். அடுப்படியிலிருந்து அவர் மனைவியின் குரல் வருகிறது: “பதினோரு வருஷமா இதே கதைதான். கிச்சனுக்கும் ஒயர் இழுத்தேன்னு சொல்றாரு, கண்ணால பாத்ததில்ல. வீடு பூரா பாட்டு கேக்குது, நான் நிக்கிற இடத்துல மிக்ஸி சத்தம்தான்.” எலக்ட்ரீஷியன் கட்டரை வைத்துவிட்டு, ஒயர் நுனியில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டுகிறார். அதோடு ஜோடியாக வரும் கருவி பேனா அளவுதான். அந்த ஒயர் போகும் இடத்தில் சுவர் மேல் வைத்தால் கீச்சிடும். ஹால் சுவரில் அது வாயே திறக்கவில்லை. சமையலறையில், காலை வெயில் பளபளக்கும் வெள்ளை டைல்ஸ் மேல், விடாமல் கத்துகிறது. “ஒயர் இங்கதாம்மா இருக்கு. மேல டைல்ஸ் ஒட்டிட்டாங்க.” டைல்ஸ் அவள் தேர்ந்தெடுத்தது, பக்கத்தில் நின்று ஒட்டவைத்ததும் அவள்தான். வீட்டுக்காரர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு அந்தச் சுவரையே பார்க்கிறார். அவள் அடுப்பைத் தணிக்கிறாள். பேனாவை வாங்கித் தானும் ஒருமுறை வைத்துப் பார்க்கிறாள். கீச்சிடுகிறது. “உடைங்க,” என்கிறாள் எலக்ட்ரீஷியனிடம். பிறகு, கணவன் பக்கம் திரும்பாமலே, “அன்னைக்கே ஒரு சீட்டு ஒட்டியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதுல்ல.”