நாற்பத்தொன்றாவது தூள்

கம்பெனியின் மாடி ஹாலில் வேலை செய்யும் முப்பது பேர் விடும் கரியமில வாயுவை உறிஞ்சுவதற்காக, ஆய்வாளரான அவள் நேற்று மாலை புதுத் தூளைப் பெட்டியில் நிரப்பி அங்கே வைத்திருந்தாள். ஏற்கெனவே நாற்பது தூள்கள் தோற்றிருந்தன. இதுவும் தோற்றால் ஆய்வகத்தை இழுத்து மூடிவிடுவார்கள்.

கீழ்த்தள ஆய்வகத்தில், திரையில் ஹாலின் கரியமில வாயு மீட்டரைப் பார்த்த சக ஆய்வாளன் சோடாபுட்டி கத்தினான்.

“அக்கா! நேத்து ஆயிரம், இன்னைக்கு நானூறு!”

“மீட்டர் செத்துப்போச்சான்னு பாரு.”

“நல்லாத்தான் இருக்கு. மேல போய்ச் சொல்லுங்க, இப்பவாவது சிரிங்க!”

மூன்று வருட அலுப்போடு படியேறினாள். காவலாளி ஹால் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்.

“மேனேஜர் எங்கண்ணே? தூள் வேலை செய்யுது!”

அவர் சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

“உங்ககிட்ட யாரும் சொல்லலையாம்மா? கம்பெனியை மூடியாச்சு. காலையிலேயே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. உள்ள மூச்சு விடக்கூட ஆளில்லை.”