உனக்கு நடு

ஏரிக்கு நான்கு கரை, குழுவில் ஐந்து பேர். கரையோரம் குடியிருப்பவர்களைப் பற்றிய ஆய்வு அது. ஆளுக்கொரு தனிப் பங்கு இல்லாவிட்டால் மதிப்பெண் கிடையாது என்று பேராசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குழுத்தலைவி பெனாசிர் வேலையைப் பிரித்த அன்று தமயந்தி காய்ச்சலில் படுத்திருந்தாள். மறுநாள் வந்தவளிடம், "உனக்கு நடு" என்றாள் பெனாசிர்.

"நடுவுல யாருடி இருக்கா? யார்கிட்டப் போய்க் கேக்குறது?"

"போய்ப் பாத்தாத்தானே தெரியும்."

தமயந்தி அச்சடித்த கேள்விப் படிவத்தோடு, மீன் பிடிக்கும் மாயாண்டியின் பரிசலில் ஏறினாள். நடு ஏரிக்கு வந்ததும் அவர் துடுப்பை நிறுத்தினார். சுற்றிலும் தண்ணீர்தான். என்ன செய்வதென்று புரியாமல், எதிரே இருந்தவரிடமே முதல் கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

"இங்க எத்தன வருசமாக் குடியிருக்கீங்கண்ணே?"

அவர் சிரிக்கவில்லை. விரல்களை மடக்கிப் பார்த்தார். "தெனம் ஆறு மணி நேரம் இங்கதான் கெடக்கேன். முப்பது வருசமாச்சு. சேத்துப் பாத்தா எவ்வளவும்மா வரும்?"

அவள் தாளின் ஓரத்தில் பெருக்கி வகுத்தாள். "ஏழரை வருசம்ணே."

"அம்புட்டா!" அவர் சுற்றியிருந்த தண்ணீரைப் பார்த்தார். "வீட்ல முழிச்சிருந்த நேரம்கூட அம்புட்டு இருக்காதே. அப்ப எம்பேர எழுதிக்கிருவேல்ல?"

குடியிருப்பவர் என்ற கட்டத்தில் மாயாண்டி என்று எழுதினாள். இது சரியா, தப்பா, பெனாசிர் திட்டுவாளா, எதுவும் விளங்கவில்லை. அடுத்த கட்டத்தில் கதவு எண் கேட்டிருந்தது. பேனாவோடு நிமிர்ந்தாள். அவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார்.