ரகசியம் காக்க வந்த ஜீப்

நிர்மலா தலையில் ராணியம்மாள் பூ வைக்கப் போன நேரம் பார்த்துத்தான் அந்த ஜீப் வாசலில் வந்து நிற்கணுமா?

ஜீப்பின் பக்கவாட்டில் ஒரு பேனர். 'காசநோயாளிகளின் அந்தரங்க உரிமை: சட்டமும் சமூகமும். கள ஆய்வு.' தெருமுனை டீக்கடையிலிருந்தே படிக்கலாம், அவ்வளவு பெரிய எழுத்து.

பேனரைப் படித்ததும் நிர்மலாவின் அம்மா அம்சவள்ளி வாசலை மறைத்தாற்போல் வந்து நின்றாள். மகளுக்குப் போன வருஷம் டிபி. மாத்திரை முழுசாகப் போட்டு, குணமாகிவிட்டது என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் டாக்டரா வந்து தாலி கட்டப் போகிறார்? விஷயம் தெரிந்த இரண்டு வரன்கள் "ஊருக்குப் போயி போன் பண்றோம்" என்று போனவர்கள்தான். அதனால் தியாகதுருகத்திலிருந்து வந்திருக்கிற இந்தச் சம்பந்தியிடம் அம்சவள்ளி மூச்சு விடவில்லை.

ஜீப்பிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். பெயர் கோகிலவாணி. சென்னையில் சட்டத்தில் பிஎச்.டி. பண்ணுகிறாள்.

"வணக்கங்க. இந்த வீட்டுல ஏழாம் நம்பர் இருக்காங்களா?"

"அது யாரு?" என்றாள் ராணியம்மாள், பூவும் கையுமாக.

"பேரு எனக்கே தெரியாதுங்க. நோயாளியோட ரகசியம் வெளிய போகக் கூடாதுன்னு பேரை மறைச்சுட்டு விலாசத்தை மட்டும் குடுத்திருக்காங்க. டிபிக்கு மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண். இதுக்கு மேல ஒரு வார்த்தை என்கிட்ட வாங்க முடியாது."

பாயில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வெற்றிவேல் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அம்மா ராணியம்மாள் பூவை இறக்கினாள்.

"டிபியா? இந்த வூட்லயா?"

அப்போது பார்த்து பக்கத்து வீட்டு இருசம்மாள் விடுவிடுவென்று வந்தாள்.

முடிந்தது கதை. இருசம்மாளின் ஆடு அம்சவள்ளியின் மரவள்ளிக் கொல்லையில் மேய்ந்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அன்றைக்கு நடந்த சண்டையில், "உன் வூட்டு வண்டவாளம் எனக்குத் தெரியும்டி, நேரம் வரட்டும்" என்று தெருவில் நின்று கத்தியவள் அவள். அந்த நேரம் இப்போது பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நிற்கிறது.

"இன்னாம்மா, யாரத் தேடிக்கினு வந்திருக்க?"

கோகிலவாணி மறுபடியும் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். ரகசியம் என்பதை மட்டும் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

இருசம்மாள் அம்சவள்ளியைப் பார்த்தாள். நிர்மலாவைப் பார்த்தாள். ராணியம்மாள் கையிலிருந்த பூவைப் பார்த்தாள்.

"அட, எனக்குத்தாம்மா டிபி. வூடு மாறி வந்துட்டு நல்ல காரியம் நடக்கிற எடத்துல நின்னுக்கினு இருக்கியே! எனக்கும் இவளுக்கும் ஆவாது, தெரியுமா? இவ வாசல்ல வெச்சா என் நோவ சொல்லுவ?"

அம்சவள்ளிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைச் சம்பந்தி பார்த்துவிடப் போகிறாளே என்று அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ராணியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "அம்மா தாயே, தள்ளி நின்னு பேசுங்க. எங்களுக்கு இந்தச் சீக்கெல்லாம் பழக்கமில்ல."

'இந்தத் தெருவே வேணாம்னு எழுந்துடுவாளோ' என்று அம்சவள்ளி பதறினாள். ஆனால் ராணியம்மாள் எழவில்லை. அவசர அவசரமாக நிர்மலாவின் தலையில் பூவைச் செருகினாள். "பூ வெச்சாச்சு. பொண்ணு எங்களுது. இனிமே யாரும் பேச்சு மாறக் கூடாது, ஆமா."

அப்பாடா என்று இருந்தது அம்சவள்ளிக்கு.

வாசலில் கோகிலவாணி பேட்டியை ஆரம்பித்துவிட்டாள். "மாத்திரை எப்ப சாப்பிடுவீங்கம்மா?"

இருசம்மாள் பிறந்ததிலிருந்து அந்த மாத்திரையைக் கண்ணால் பார்த்ததில்லை. "ராத்திரி வயிறு முட்ட சோறு துன்னுட்டு, படுக்கசொல்ல போடுவேன்."

"தினமுமா?"

"இருமல் ஜாஸ்தியா இருந்தா போடுவேன். கம்மியா இருந்தா உட்டுடுவேன்."

'சிகிச்சையைத் தானே தீர்மானிக்கும் உரிமை' என்று கோகிலவாணி பூரிப்போடு எழுதிக்கொண்டாள்.

"நிறுத்தணும்னு எப்பவாவது தோணியிருக்கா?"

"போன வாரமே நிறுத்திட்டேன். நான் இன்னா, கல்லாட்டம்தான கீறேன்?"

ராணியம்மாளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. மூக்கைப் பொத்தியிருந்த முந்தானையை உதறிவிட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். இருசம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, இன்னா வெளையாடிக்கினு கீற? உசுரு போயிடும்! காலையில வெறும் வயித்துல போடணும். நல்லா ஆயிட்ட மாதிரிதான் இருக்கும், அதுக்குன்னு ஒரு நாள்கூட உட்றாத. ஒண்ணுக்கு செவப்பா போவும், ரத்தம்னு நெனச்சுக்கினு பயந்துடாத. எங்க வெற்றிவேலு மொத நாள் அதப் பாத்துட்டு, செத்துடுவேன்னு ஒரே அழுவ!"